சரசு என்று பெயர் வெட்டிய கிண்ணம்

சவுதியில், யான்பு கேம்பில் பன்னீர்செல்வத்துக்குப் பைப் ஃபிட்டர் வேலை. டூட்டி முடிந்ததும் அறைக்குப் பின்னால் போய்விடுவார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கீரை, தக்காளி, முட்டைக்கோஸ். இரண்டு கோழிகள் வேறு. "மெஸ்ஸுக்காரன் மூஞ்சில முழிச்சு மூணு மாசமாச்சு சார்" என்பார். நான் சைட் ஆபீஸ் கிளார்க்.

சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொள்ளும் ஆசையைக் கிளப்பியவர் போலந்து இன்ஜினியர் மாரெக். டீ நேரத்தில் தன் ஊர்வீட்டைப் போனில் காட்டினார். நடுவில் முற்றம், சுற்றி வீடு, தொழுவம், களஞ்சியம். நிலவறை நிறைய உருளைக்கிழங்கு. கடையில் வாங்குவது உப்பும் தீப்பெட்டியும்தானாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, பன்னீர் வாய் பிளந்தார்.

கோஸை அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, டிரம்மில் கல் வைத்துப் புளிக்கவிடச் சொல்லிக் கொடுத்ததும் மாரெக்தான். வெள்ளிதோறும் வந்து ஒரு கிண்ணம் வாங்கிப் போவார்.

வாடை பிடித்து யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கேம்ப் பாஸ் வந்து டிரம்மைத் திறந்தார். நுரை பொங்கியது.

"தாரூ?"

சவுதியில் சாராயம் என்று முடிவானால் வேலை மட்டுமா போகும்?

"வெறும் கோஸு சார்! போலந்து சாரைக் கேளுங்க."

மாரெக்கை அழைத்துவந்தார்கள். பன்னீர் ஒரு பிடி அள்ளித் தின்றுகாட்டினார். "சொல்லுங்க சார், உங்கம்மா பண்றதுதானே?"

மாரெக் டிரம்மைப் பார்க்கவேயில்லை. இந்தப் பக்கமே தான் வந்ததில்லை என்றார், ஆங்கிலத்தில்.

"என்ன சொல்றாரு?"

"யோசிக்கிறார்" என்றேன்.

"யோசிக்கிற மூஞ்சியா சார் அது? ஊர்க்கதை பூரா தமிழ்ல சொன்னீங்கல்ல. இதையும் சொல்லுங்க."

சொன்னேன். பன்னீர் கையில் ஒட்டியிருந்த கோஸை உதறினார். பிறகு என் காதருகே வந்தார்.

"போன வெள்ளி வாங்கிட்டுப்போன எவர்சில்வர் கிண்ணம் அவர் ரூம்லதான் கெடக்கு. என் சம்சாரம் பேரு வெட்டியிருக்கு, சரசுன்னு. எடுத்தாந்து காட்டுங்க சார், போதும்."

மாரெக் என் மேலதிகாரி. சவுதியில் தங்குவதற்கான என் இகாமாவின் புதுப்பிப்பு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரை பன்னீர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மறுவாரம் அவரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். கோழிகளை மெஸ்ஸுக்காரன் பிடித்துப் போனான்.

கிண்ணம் இப்போது மாரெக்கின் மேஜையில் இருக்கிறது. கிளிப்புகள் போட்டு வைத்திருக்கிறார். கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் என் பக்கம் திரும்பியிருக்கிறது.