பதினேழு மீட்டருக்குள்

எங்கள் கடலைக் கொல்லையைப் பல வருஷம் காப்பாற்றி வந்தது பக்கத்துக் கொல்லைக்காரரின் துப்பாக்கி. இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள் சமணர்கள், ஊரில் எங்களை நயினார் என்பார்கள். தெரிந்து ஓர் உயிரைக் கொல்வதில்லை. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. அவர் எப்போதாவது ஒரு காட்டுப்பன்றியைச் சுடுவார். அந்தச் சத்தத்துக்கு மற்ற பன்றிகள் அவர் கொல்லையோடு எங்கள் கொல்லையையும் விட்டுவிட்டு மலைக்காட்டுக்குள் போய்விடும். எங்கள் அகிம்சைக்கான லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது என்று சொல்லலாம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவரும் ஒப்படைத்துவிட்டு வந்தார். மாசி மாதம், கடலையில் காய் பிடித்திருந்த நேரம். நான்காவது நாள் பன்றிகள் வந்தன.

வீடு திருவண்ணாமலையில், கொல்லை அடி அண்ணாமலையைத் தாண்டி. அப்பா இருபது நாள் ராத்திரி முழுக்கப் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டினார். முதல் வாரம் பன்றிகள் ஓடின. பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்றன. பிறகு நிற்கவும் இல்லை, தகரச் சத்தத்தோடேயே கிளறித் தின்றன. பகலில் அப்பாவுக்குச் சோறு போட்டால், சோற்றை எடுத்த கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிடும். அம்மா தோளைத் தொட்டு எழுப்புவாள். அவர் விட்ட இடத்திலிருந்து மெல்லுவார். இந்த வெள்ளாமையும் போனால் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிடப்போவதாக அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் நல்ல மனிதர். ஒரு காலையில் வரப்பில் வந்து நின்றார்.

“நயினாரே, கருவாட்டு உருண்டைல வெடி வெச்சி அங்கங்க போட்டுட்றேன். நீங்க பாக்கவும் வேணாம், கேக்கவும் வேணாம்.”

“எங் கொல்லைல வேணாம்பா.”

“அப்ப நீங்களே கூப்ட்டு ஒக்கார வெச்சி பன்னிக்கி புத்தி சொல்லுங்க. உங்க பேச்ச கேட்டாலும் கேக்கும்.”

அப்பா சிரிக்க முயன்றார். முழுதாக வரவில்லை.

வில் என்ற யோசனை சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வகத்துக்கு உதவியாளர். கல்லெறிந்து பார்த்தாயிற்று, பன்றியின் தோலுக்கு அது உறைக்கவில்லை. கல்லைவிட ஜாஸ்தியாக வலிக்க வேண்டும், ஆனால் உள்ளே இறங்கக் கூடாது. முனையில் இரும்புக்குப் பதிலாக டயர் ரப்பர் சுற்றிய கட்டை வைத்த அம்பு, சரியான எடையில், சரியான வேகத்தில் போனால் அப்படி அடிக்கும் என்றார். அதைக் கணக்குப் போட்டுச் செய்யலாம் என்றார். வலிக்க வைப்பது மட்டும் பாவமில்லையா என்று அம்மா கேட்டாள். சித்தப்பா, “கம்மி பாவம், அண்ணி” என்றார்.

மலையடிவாரத்தில் தேனும் கௌதாரியும் விற்கும் ஒரு வேட்டைக்காரர் இருந்தார். அவரிடம் சித்தப்பா வில் கேட்டுப் போனபோது நானும் போனேன். மூங்கில் வில்லையும் நாணல் அம்புகளையும் எடுத்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் வில்லைத் திரும்ப மடிமேல் வைத்துக்கொண்டார்.

“சாமி, இது பன்னிய சாய்க்கற வில்லு. நீங்க சாய்க்காத வில்லு கேக்கறீங்க. பசிக்காத சோறு கேட்ட மாதிரி இருக்கு.”

“நாண லூசு பண்ணா வேகம் கொறையும் இல்ல?”

“கொறையும். எவ்ளோ லூசு பண்ணா எவ்ளோ கொறையும்னு என்ன கேக்காதீங்க. அந்தப் பக்கமா எங்க தாத்தன்கூட யோசிச்சதில்ல.”

இருந்தும் வில்லையும் அம்புகளையும் இரவல் கொடுத்தார். அவருக்குத் தெரியாததைத்தான் அளக்க வேண்டியிருந்தது. ரப்பர் முனை மாட்டிய அம்புகளைக் குடைத்துணியில் சுருட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய், ஆய்வகத் தராசில் பித்தளை எடைக்கல் வைத்து நிறுத்தார் சித்தப்பா. என்ன என்று கேட்ட ஆசிரியரிடம் ஸ்கிரீன் மாட்டும் குச்சி என்றாராம். நாற்பது கிராம், ஐம்பது கிராம், அறுபது கிராம் என்று மூன்று அம்புகள். லேசான இரண்டும் காற்றில் திரும்பின. அறுபது கிராம் அம்பு மட்டும் நேராகப் போனது.

வேகத்தை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு வழி இருந்தது. நாலடிக்குச் சற்றே கூடுதலான உயரத்திலிருந்து எது விழுந்தாலும் அரை நொடியில் தரையைத் தொடும். அந்த உயரத்தில் வைத்துக் கிடையாக எய்த அம்பும் அதே அரை நொடியில்தான் தொடும். அதற்குள் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளந்து இரட்டித்தால் வேகம் வந்துவிடும். மேல்வகுப்புப் பையன் ஓங்கி எறிந்த கிரிக்கெட் பந்து எவ்வளவு அடிக்குமோ, அறுபது கிராம் அம்பும் அவ்வளவுதான் அடிக்க வேண்டும் என்று அவர் வரம்பு வைத்துக்கொண்டார். கணக்குப் போட்டதில், அம்பு பதினேழு மீட்டருக்குள் தரையைத் தொட வேண்டும் என்று வந்தது. பத்து முறை விட்டு, பத்தும் அதற்குள் விழுந்தால் வில் தயார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்தில் சாம்பலைத் தூவினோம், அம்பு முதலில் தொடும் இடம் தெரிவதற்காக. சித்தப்பா ஒரு கட்டையில் வில்லைப் பொருத்தி மேற்குப் பார்த்து எய்தார். நான் ஐந்தாம் வகுப்பு. வைக்கோல் போரின் மறைவில் நின்று, அம்பு விழுந்ததும் ஓடிப்போய்ச் சாம்பலில் தடத்தைப் பார்த்து, டேப்பை இழுத்து அளந்து, நோட்டில் எழுதி, அம்பைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறாவது ஓட்டம்வரை இருந்தது.

முதல் பத்தும் இருபத்திரண்டு மீட்டருக்கு அருகில். நாணைத் தளர்த்தினார். அடுத்த பத்து, இருபத்தொன்றை ஒட்டி. மறுபடி தளர்த்தினார். வெயிலில் சாம்பல் காலில் ஒட்டிச் சுட்டது. அப்பா பம்ப்செட் நிழலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தூக்கில் சோறு கொண்டுவந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை. வெளிச்சம் போனால் அந்தத் தூக்கு மறுநாள் காலையில் மாட்டுக்குப் போகும்.

மூன்றாவது பத்தில் முதல் அம்பு பத்தொன்பது மீட்டரும் சில்லறையும். இரண்டாவது, அதற்கும் கொஞ்சம் கூட. சூரியன் பனை மரங்களின் தலைக்கு வந்துவிட்டது. இதுவும் தேறாவிட்டால் இன்னொரு தளர்த்தல், இன்னொரு பத்து ஓட்டம். நான் அந்த இரண்டு எண்களையும் அழித்தேன். பதினாறு புள்ளி ஒன்பது என்று எழுதினேன். அடுத்ததற்குப் பதினாறு புள்ளி எட்டு. அதன்பின் டேப்பைத் தொடவில்லை. அம்பை எடுத்துவரும்போதே எழுதிக்கொண்டு வந்தேன். சூரியனுக்கு எதிரே, தடித்த கண்ணாடியோடு நின்ற சித்தப்பாவுக்கு அம்பு விழுந்த இடம் தெரிய வழியில்லை.

சித்தப்பாவைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. பையன்கள் சோதனை செய்யாமலே ரெக்கார்டு நோட்டில் எழுதிவரும் எண்களை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். உண்மையாக அளந்த எண் குடிகாரன் நடை மாதிரி முன்னே பின்னே தள்ளாடும், பொய் எண் பரேடு மாதிரி வரிசையாக வரும் என்பார். இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் பத்தே எண்கள். அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“எல்லாம் நீயே அளந்தியாம்மா?”

“ஆமா.”

“இன்னொரு பத்து விட்டுப் பாத்துடலாமா?”

“கால் வலிக்குது சித்தப்பா. பசிக்குது.”

அவர் சூரியனைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

“எங்க பசங்க ரெக்கார்டு மாதிரியே எழுதியிருக்க,” என்றார். “சரி, வா, சாப்டலாம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய வகுப்புப் பையன்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவியதும் சித்தப்பா நோட்டில் அந்தப் பத்தையும் இரட்டித்து எழுதினார். பிறகு கோணிப்பை ஒன்றை எடுத்து நான்காக மடித்தார். பன்றித் தோலுக்குப் பதிலாக அதைத் தொடைமேல் கட்டிக்கொண்டார். இன்னும் வெளிச்சம் இருந்தது.

“ராத்திரி பன்னி மேல விட்றதுக்கு முன்னாடி எம்மேல ஒண்ணு விடுண்ணா.”

அப்பா தூக்கக் கலக்கத்தில் இருந்தார். “கணக்குலாம் சரியா வந்துட்டுதுன்ன?”

“வந்துட்டுது. சும்மா, ஒரு தடவ பாத்துக்கலாம்.”

“பைத்தியமாடா ஒனக்கு?”

“பன்னிக்கிட்ட கேக்க முடியாது. நான்னா வலிக்குதா இல்லயானு வாயத் தொறந்து சொல்லுவேன் இல்ல?”

அப்பா மறுத்தார். சித்தப்பா வற்புறுத்தவில்லை, போய் எதிரே நின்றுகொண்டார். யாரோடும் வாதாடும் தெம்பு அப்பாவுக்கு இருபது நாளாக இல்லை. பன்னிரண்டு அடி எண்ணித் திரும்பினார். சித்தப்பா இழுத்த அளவுக்கு அம்பில் நூல் கட்டியிருந்த அடையாளம்வரை நாணை இழுத்தார். அந்தத் தூரத்தில் தவற முடியாது.

ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். சித்தப்பா உட்கார இடம் தேடுகிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தார். கோணி கிழியவில்லை. அவிழ்த்தபோது அடியில் தோல் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்து வீங்கிக்கொண்டு வந்தது. அப்பா வில்லைக் கிணற்றுப் பக்கம் வீசினார். அம்மாவின் குரல் கேட்டுப் பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடிவந்தார்.

“என்னா நயினாரே, பன்னிய உட்டுட்டு தம்பிய அடிச்சி வெச்சிருக்கீங்க!” அப்படிச் சொன்னவர்தான் மாட்டு வண்டியைப் பூட்டி, சித்தப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுவந்தார்.

வண்டியில் அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். “எங்கடா தப்பாச்சி?”

நான் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டு என் கையில்தான் இருந்தது.

“நான்தான்ணா,” என்றார் சித்தப்பா. கண்ணை மூடியிருந்தார். “பெருக்கும்போது தப்பு பண்ணிட்டேன்.”

அந்த ராத்திரி பரணில் யாரும் இல்லை. பன்றிகள் வந்து போயின. அப்பா கடலையை இருபது நாள் முன்னதாகவே பிடுங்கினார். பாதிக்கு மேல் பிஞ்சு. தேர்தல் முடிந்து ஸ்டேஷனிலிருந்து துப்பாக்கி திரும்பி வந்தது. ஆடியில் கொல்லை அந்தத் துப்பாக்கிக்காரரிடமே குத்தகைக்குப் போனது. அப்பா அதன்பின் நிறையத் தூங்கினார். வேட்டைக்காரர் வில்லைத் திரும்ப வாங்க வந்தபோது நாணைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் நல்லா லூசு பண்ணியிருக்கணும் சாமி,” என்றார். சித்தப்பா ஆமாம் என்றார். கோடை முழுக்க ஒரு காலை இழுத்து நடந்தார்.

என் எண்களைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பெருக்கலில் அவர் என்ன தப்பு செய்தார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நோட்டை எடுத்துப் பத்தையும் நானே போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவர் சரியாகத்தான் இரட்டித்திருந்தார். ஆனாலும் தப்பு என்று அவரே சொல்லிவிட்டாரே. அந்த வருஷம் முழுப்பரீட்சையில் கணக்கில் எனக்கு நல்ல மார்க் வந்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எங்கள் சித்தப்பாவைவிட எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.