பத்தாவது ஆள்

ஏழு, எட்டு, ஒன்பது. மேசைகளுக்கு நடுவே நடந்தபடியே தலைகளை எண்ணுகிறார் முதலாளி. ஒன்பதில் நின்றால் முகம் தெளிந்துவிடும். தண்ணீர் கேன் கொண்டுவருபவர் சற்று நின்றால்கூட விரட்டுவார்: "வச்சிட்டு கிளம்புப்பா. யாராவது பாத்தா உன்னையும் சேத்து எண்ணிடப் போறாங்க."

செருப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறை அது. பத்துப் பேர் ஆகிவிட்டால் சட்டம் உள்ளே வந்துவிடும்: பதிவேடு, காப்பீடு, ஆய்வாளர். ஒருமுறை பன்னிரண்டு பேர் வைத்திருந்து மாட்டிக்கொண்டார். ஆறு மாதம் அலைந்துவிட்டு, மூன்று பேரைத் தன் வாயாலேயே போகச் சொன்னார். அன்று பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. பெரிய ஆர்டர் என்றால் மற்றவர்கள் துள்ளுவார்கள். இவர் போனை எடுக்க மாட்டார்.

"வளரு வளருங்கிறாங்க. வளந்தா தலையில தட்டுறாங்க" என்பார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆட்களுக்குக் காப்பீடு கட்ட அவருக்கு மனசு வராது.

அவரிடம் ஏழு வருடம் பெட்டி மூலை ஒட்டிய பெண் ஒருத்தி, ஊர் எல்லையில் பெரிய கம்பெனி திறந்ததும் அங்கே போனாள். இருநூறு பேருக்கு வேலை என்று மேடை போட்டு மைக்கில் அறிவித்தார்கள். இரண்டாம் வருடம் பெட்டி மடிக்க இயந்திரம் வந்தது. மிஞ்சியவர்கள் முப்பது பேர். அதைச் சொல்ல யாரும் மேடை போடவில்லை.

நேற்று அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மூணு மாசமா சும்மா இருக்கேண்ணே. இந்த மாசமும் இப்படியே போனா சின்னவ படிப்ப நிறுத்தணும்."

"உன் கைவேலை எனக்குத் தெரியாதா? ஆனா நீ பத்தாவது ஆளும்மா."

"அப்ப யாராவது ஒருத்தர் போனாத்தானா?"

ஒன்பது பேரும் தலையைத் தூக்கினார்கள். அவளுக்கே நாக்கு கூசிவிட்டது. "ஐயோ, நான் அப்படிக் கேக்கல" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். ஷட்டர் இறங்கும் கோடு வரைதான் பட்டறை.

"அந்தப் பக்கம் உக்காந்து ஒட்டு. பெட்டிக்கு இவ்வளவுன்னு தர்றேன். பேரு எழுதமாட்டேன். யாராவது கேட்டா, சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்லிடு."

வெட்கங்கெட்ட யோசனை. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் குரல் அதட்டலாக வந்தது. அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருப் புழுதியில் உட்கார்ந்தாள்.

அவர் குனியக்கூட இல்லை. பசை டப்பாவைக் காலாலேயே கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்.