விலை மேல் வைத்த பொட்டு

சௌந்திரத்தால் ஒரு வேலையை ஒரு வேலையாகச் செய்ய முடியாது. ஆணியை அள்ளும்போதே அடுத்த ஆளிடம் கீல் விலையைச் சொல்லுவாள். கீல் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நிற்கிற வண்டிக்காரரிடம், “மாட்டை அந்தப்பக்கம் புடிச்சுக் கட்டுங்க சாமி, எம்பட வாளியில வாய வெக்கிது” என்பாள். அவளைப்போலப் பேசிக்காட்ட எங்கள் தெருவில் நாங்கள் பலரும் முயன்றோம். மூச்சு போதவில்லை.

திருச்செங்கோட்டில் அவள் நடத்தியது வீடு கட்டும் சாமான் கடை. சிமெண்ட், ஆணி, கீல், பெயிண்ட், தரைக்குப் பூசுகிற சிவப்பு ஆக்சைடு என்று எல்லாம் இருக்கும். கடைப் பலகையில் மட்டும் கணவன் சுப்பையனின் பெயர். சுப்பையன் போர்வெல் லாரியில், ஊர்ப்பேச்சில் ரிக்கில், டிரில்லர். தை பிறந்து லாரி கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். தீபாவளிக்குத்தான் ஊர் திரும்புவான்.

இந்த ஏற்பாடு சுப்பையனின் அண்ணன் சின்னுசாமிக்குப் பிடிக்கவில்லை. கடை இருந்த கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அதனால் வாரம் தவறாமல் தான் வெள்ளாமை செய்யும் காட்டிலிருந்து வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அதே பேச்சைப் பேசுவார்.

“நீ கெட்டிக்காரிதான் அம்மிணி. நான் இல்லீங்கல. ஆனா கேசு கீசுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, அன்னிக்கே கடைச் சாவி எங்கைக்கு வந்துரோணும். கோர்ட்டுல நீ போயி நிக்க முடியாது. அவனும் ரிக்கை உட்டுப்போட்டு வர முடியாது.”

லாரி ஏறும்போது சுப்பையன் இதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தான். சௌந்திரமும் சரி என்றாள். சொல்லும்போதே அவள் கை சுத்தியல் காம்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்ததும், கடைகளின் எடை அளவுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர் கண்ணுசாமி வந்தார். வாழப்பாடிப் பக்கத்து ஆள். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எடுத்துத் தருவது போலப் பேசுவார். தராசைப் பார்த்தார். படிக்கல்லைப் பார்த்தார். இரண்டிலும் குற்றமில்லை. பிறகு அலமாரியில் அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தார். மூட்டையாக வாங்கிய வெள்ளைச் சிமெண்டையும் ஆக்சைடையும் சந்தைக் கூட்டத்துக்காக ஒரு கிலோ, அரைக்கிலோ என்று முன்கூட்டியே பையில் போட்டுக் கட்டி வைப்பது சௌந்திரத்தின் வழக்கம்.

“இது யார் கட்டினதுமா?”

“நானும் செல்லாயியுந்தானுங்க.” செல்லாயி கடையில் கூட வேலை செய்பவள்.

“பேர் எங்க? விலாசம்? எடை, மாசம், வருசம், விலை?”

“ஏனுங்க சார், வாங்கறது பூரா தெரிஞ்ச சனம். என்ற கடைப் பொட்டலம்னு அவியளுக்குத் தெரியாதுங்களா?”

“வாங்குறவர் கண்ணு முன்னால நிறுத்துக் குடுத்தீங்கன்னா ஒண்ணும் எழுத வேணாம். முன்னாடியே கட்டி வச்சுட்டீங்கன்னா சட்டப்படி நீங்கதான் அதுக்குக் கம்பெனி. கம்பெனிக்காரன் என்னென்ன எழுதணுமோ அத்தனையும் நீங்க எழுதணும். கம்பெனி டப்பாவா இருந்தா அவன் போட்ட விலையை மறைக்கக்கூடாது, திருத்தக்கூடாது. மறுபடி வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா சரக்கை எடுத்துக்குவேன், கேஸும் போடுவேன்.”

கேஸ் என்ற சொல் விழுந்ததும் சௌந்திரத்தின் கை ஒரு கணம் நின்றது. அவர் தெருமுனையைத் தாண்டுமுன்பே ஈரோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். ரப்பர் ஸ்டாம்பு செய்கிற ஆள் நாளைக்கு வா என்றதற்கு, “நான் இங்கயே நிக்கறனுங்க, நீங்க செய்யுங்க” என்று அவர் தலைமேலேயே நின்று செய்து வாங்கி வந்தாள். சுப்பையன் பெயரும் கடை விலாசமும் ஒரு ஸ்டாம்பு. எடை, மாதம், விலை கையால் எழுத இடம். எல்லாப் பொட்டலத்திலும் குத்தினார்கள். வேகத்தில் வாளிகளிலும் குத்தினாள். செல்லாயி தடுக்காவிட்டால் கடப்பாரையையும் விட்டிருக்க மாட்டாள்.

“ஏனுங்கக்கா, என்ற நெத்தி ஒண்ணுதான் பாக்கி” என்றாள் செல்லாயி.

“பேசாத, காட்டு” என்றாள் சௌந்திரம்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு வாங்காத பொருளே இருக்காது. லாரி, தறி, தராசு, துடைப்பம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. சௌந்திரம் எதைச் செய்தாலும் மிச்சம் வைக்கமாட்டாளே. சந்தனத்தைக் கரைத்து, ஒரு பொருள் விடாமல் வைத்துக்கொண்டே போனாள். பெயிண்ட் டப்பாவுக்கு மூடிதான் நெற்றி. மூடியில்தான் கம்பெனிக்காரன் விலையையும் மாதத்தையும் ஊதா மையில் குத்தியிருந்தான். பொட்டலத்துக்கு, புதிதாக எழுதிய வெள்ளைச் சீட்டுதான் நெற்றி. பக்தியோடு வைத்தாள். ஈரச் சந்தனத்தில் கையெழுத்து ஊறிப் பரவியதை யாரும் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்றே கண்ணுசாமி வந்து நின்றார். சின்னுசாமியும் பூஜைப் பொரி வாங்குவதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்.

கண்ணுசாமி ஒரு டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். “இது என்ன விலைமா?”

சௌந்திரம் விலையைச் சொன்னாள்.

“நீங்க சொல்றீங்க. டப்பா சொல்லலையே. விலையை மறைச்சா, அதுக்கு மேல விக்கிறீங்கன்னுதான் எழுதணும்.”

“அய்யோ, அது பூசப் பொட்டுங்க சார்.”

“தெரியுது. பொட்டுக்குக் கீழ இருக்கிறதுதான் தெரியல.”

“உங்க பொட்டியிலயும் பொட்டு இருக்குதுங்களே” என்றாள் சௌந்திரம், அவர் படிக்கல் கொண்டுவந்த மரப்பெட்டியைக் காட்டி.

“பெட்டியில இருக்கு. கல்லுல வைக்க மாட்டோம். வச்சா எடை கூடிடும்.” பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். “எதிர்க்கடையை முடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள எனக்கு எல்லா விலையும் தெரியணும். தெரியலைன்னா எழுதறதைத் தவிர வேற வழியில்ல.”

சௌந்திரம் துணியை எடுத்தாள்.

“தொடைக்காத அம்மிணி” என்றார் சின்னுசாமி. தொண்டையைச் செருமவில்லை. “தாலி கட்டுனவன் மூணு மாநிலம் தாண்டி ரிக்கு மேல நிக்கறான். நீ உக்காந்து பொட்ட அழிக்கறயா? அதும் அவன் பேரு மேல வெச்ச பொட்ட.”

செல்லாயியும் துணியைத் தொடவில்லை. “நான் மாட்டனுங்கக்கா. அதுவா உதுரட்டும். வேற எதுன்னாலும் சொல்லுங்க.”

“அதுவா உதுர்ற வரைக்கும் அவரு எதிர்க்கடையில இருப்பாராக்கும்?” என்றாள் சௌந்திரம். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. “செரி, நீ பொட்டலத்தைப் பிரி. வெள்ளையத் தனியா, செவப்பத் தனியாக் கொட்டு. அளந்து குடுத்துக்கலாம்.”

மை பரவிய சீட்டுகளைக் காப்பாற்ற முடியாது. செல்லாயி பொட்டலங்களை அறுத்துத் தகரத் தொட்டிகளில் கொட்டினாள். டப்பாக்கள் சௌந்திரத்தின் பங்கு. ஈரத்துணி போட்டால் சந்தனத்தோடு விலையும் போய்விடும் என்று முதல் டப்பாவிலேயே தெரிந்துவிட்டது. காய்ந்த சந்தனத்தை நகத்தால், ஓரத்திலிருந்து, மெதுவாகத்தான் உதிர்க்க வேண்டும். மெதுவாக என்ற ஒன்றை அவள் அதற்குமுன் செய்ததில்லை. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மூடியைச் சுரண்டுவாள், எதிர்க்கடையை எட்டிப் பார்ப்பாள். இன்னொன்றைச் சுரண்டுவாள், தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். சின்னுசாமி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விலை அழிந்துபோன முதல் டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கி, கம்பெனி ஆள் வரும்போது கொடுக்கலாம் என்று உள்ளே வைத்தாள். மற்றவை எல்லாம் தப்பின.

கண்ணுசாமி திரும்பி வந்து ஒவ்வொரு மூடியாகப் படித்தார். தொட்டிகளைப் பார்த்தார். “அடுத்த வருசம் பொட்டை அலமாரிப் பலகையில வைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

“கேசு இல்லீங்க மாமா” என்றாள் சௌந்திரம்.

“கேசு போச்சு. இது?” என்று சின்னுசாமி தரையில் உதிர்ந்து கிடந்த குங்குமத்தைக் காட்டினார். “சுப்பையன் வரட்டும். வந்து அவனே சொல்லட்டும், கடை ஆரு கையில இருக்கோணும்னு.”

அதன்பிறகு அவளை யாராலும் ஓரிடத்தில் பார்க்க முடியவில்லை. ரிக் ஆபீசுக்குப் போய், “அவருகிட்டிருந்து தாக்கல் ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்பாள். கடைக்கு வந்து ஒரு கிலோ ஆணி நிறுப்பாள். மறுபடியும் போவாள். கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. ஆபீஸ் கணக்கர் சின்னராஜ், “ஏனுங்கக்கா, போன் இங்கதான இருக்குது? அடிச்சா நாங்களே ஓடியாந்து சொல்ல மாட்டமா?” என்று கெஞ்சுவார். தபால்காரர் அவளுக்குப் பயந்து பக்கத்துத் தெரு வழியாகப் போனார் என்று சொன்னோம். அது நாங்கள் கட்டிய கதை. ஆனால் ஊர் நம்பியது.

தீபாவளிக்கு முன்தினம் சுப்பையன் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் கருத்திருந்தது. வலதுகை விரல்கள் இரண்டில் பெரிய கட்டு.

சௌந்திரம் கட்டைப் பார்த்தாள். ஒன்றுமே பேசவில்லை. அது எங்களுக்கே புதிது.

அவளுக்கும் சேர்த்துச் சின்னுசாமிதான் பேசினார். “பாத்தயாடா? பூசப் பொட்ட அழிச்சா. நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. கைய வாங்கிருச்சு பாரு.”

சுப்பையன் பையை இறக்கி வைத்தான். “எப்ப அழிச்சா?”

“ஆயுத பூசை கழிச்சு.”

“இது மாளய அமாவாசையன்னிக்குப் பட்டதுங்ண்ணா. ராடு நழுவிருச்சு. பூசைக்கு ஒரு வாரத்துக்கும் முந்தியே. கை இப்பிடி இருக்கையில எப்பிடி லெட்டர் எழுதறது? சொன்னா இவ சும்மா இருப்பாளா, மத்தியப் பிரதேசத்துக்கே பஸ் ஏறிருவா.”

சின்னுசாமி கொஞ்ச நேரம் அந்தக் கட்டையே பார்த்தார். மனதுக்குள் தேதியைக் கூட்டிக் கழித்திருக்க வேண்டும். “அப்பக் கடை?” என்றார்.

“கடைக்கென்னுங்ண்ணா? கேசு வந்துச்சா?”

“வரல.”

“அப்பறம் என்ன? அவகிட்டயே இருக்கட்டும்.” சொல்லிவிட்டு அங்கேயே சிமெண்ட் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனான்.

சௌந்திரம் அவன் கட்டுப்போட்ட கையை எடுத்து மூட்டைமேல் நேராக வைத்துவிட்டு, முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

சின்னுசாமி எழுந்து வாசல்வரை போய் நின்றார். திரும்பினார். “அம்மிணி, மாட்டுக் கொட்டாயிக்கு ரண்டு கிலோ ஆணி வேணும். மூணங்குலம்.”

சௌந்திரம் அதற்குள் ஆணியை அள்ளித் தட்டில் போட்டிருந்தாள். “வேறென்னுங்க மாமா? கீலு? தாப்பா? சீக்கிரஞ் சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது” என்றாள்.