தலைகீழாக மாட்டிய லென்ஸ்

அப்போது மயிலாப்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது என் வேலை. என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு.

மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பவர் உள்ள பைஃபோகல் வாங்கிய ஒருவர், மூன்றாவது தடவையாக வந்து, "கிட்ட தெரியலப்பா" என்றார்.

"கீழ்ப்பக்கமா பாருங்க, பழகிடும்" என்று எரிந்து விழுந்தேன்.

பிறகொரு நாள் ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அவரைப் பார்த்தேன். காருக்கு அடியில் குழிக்குள் நின்றுகொண்டு, கண்ணாடியைத் தலைகீழாகக் கயிற்றால் கட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சிரிக்கிற? நீயும் அதே கண்ணாடிதானே போட்டுக்கினு கீற? எறங்கிப் பாரு நைனா."

இறங்கி நிமிர்ந்தேன். மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்த போல்ட் எனக்கு வெறும் மங்கல். தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துக் கழுத்துதான் வலித்தது. மூன்று தடவை வந்த மனிதரிடம் என்ன வேலை செய்கிறார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்றே புது லென்ஸ் தேய்த்து, கிட்டத்துப் பவர் மேலே வரும்படி மாட்டினேன்.

"என்னய்யா, தலைகீழா மாட்டியிருக்க?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, போன தடவைதான் தலைகீழா மாட்டினேன்."