காய்ந்த கண்ணாடி

ஈரத் துணியை வைப்பர் ரப்பரின் ஓரத்தில் வைத்து, அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்கிறார். துணியில் கரி படிகிறது. மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னோர் இழுப்பு. கரி வருவது நிற்கும்வரை விடமாட்டார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது, வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. வைப்பருக்கு வேலையே இல்லாத இந்தக் காலத்தில்தான் இவருக்கு வைப்பர் வேலை அதிகம்.

வாடகைக் கார்கள் நிற்கும் அந்தத் திடலில் அவருக்கு ‘வைப்பர் அண்ணன்’ என்று பெயர். வண்டியை நிறுத்தியதும் மற்ற டிரைவர்கள் நிழல் தேடி ஓடுவார்கள். இவர் முதலில் இறங்கி, வைப்பர் இரண்டையும் கண்ணாடியை விட்டுத் தூக்கி நிறுத்துவார். “கண்ணாடி அடுப்பாட்டம் கொதிக்குது. அதுமேல ரப்பரைப் படுக்கப் போட்டா ஒட்டிக்கிட்டு வெந்துபோயிடாதா?” என்பார். ரப்பரைக் கழற்றிக் கழுவும் நாட்களில், மொட்டையாக நிற்கும் கம்பி பொத்தென்று விழுந்து கண்ணாடியை உடைத்துவிடக் கூடாதென்று அடியில் ஒரு துண்டை மடித்து வைப்பார். பளபளப்புக்காக ரப்பரில் மண்ணெண்ணெய் தடவிய ஒரு டிரைவரோடு அவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அவருடைய சட்டங்களில் தலையாயது, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடக் கூடாது என்பது. “தூசிமேல ரப்பரை இழுக்கிறதும் உப்புத்தாளை வச்சுத் தேய்க்கிறதும் ஒண்ணுதான். தண்ணியைப் பீச்சாம அந்த சுவிட்சைத் தொடுறவன் டிரைவரே இல்ல.”

பக்கத்து இடம் ஒரு பெண் டிரைவருடையது. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். “குளிப்பாட்டியாச்சா அண்ணே? பவுடர் போட்டு விடலையா?” என்று தினமும் சீண்டுவாள்.

“சிரி, சிரி. மழை வர்ற அன்னிக்கு என்கிட்டதான் ஓடி வருவே.”

கொஞ்ச நாளாக இந்தச் சீராட்டல் எல்லை மீறிவிட்டது. நல்ல ரப்பரைக் கழற்றிப்போட்டுப் புதிது மாட்டினார். அதையும் மாற்றினார். “கம்பெனிக்காரன் ஏமாத்துறான். எவ்வளவு துடைச்சாலும் பால் தெளிச்சாப்புல ஒரு மங்கல்” என்று புலம்பினார். எதிரே வரும் விளக்கு பூவாக விரிகிறது என்றார், அதற்கும் வைப்பரைத்தான் திட்டினார். மங்கல் அவர் கண்ணில் இருக்கிறது என்பது திடலில் எல்லோருக்கும் தெரியும். கண் என்று பேச்செடுத்தால் லைசென்ஸ் என்றும் பேச்சு வரும். இளமையிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாதவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. வண்டியில் ஆட்கள் ஏறுகிறார்கள், யாராவது சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

அவர் மனைவிக்கு ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்க்கிற வேலை. சாயங்காலம் இவர்தான் போய் அழைத்துவருவார். அன்றைக்குத் தாழ்ந்த வெயில் நேர் எதிரே அடித்தது. இவர் சட்டென்று கையை நீட்டி வைப்பரைப் போட்டார். தண்ணீர் பீச்சவில்லை. காய்ந்த கண்ணாடியில் கிறீச், கிறீச்சென்று இரண்டும் இழுத்துக்கொண்டு ஆடின. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அம்மாள் திடுக்கிட்டாள்.

“என்னங்க பண்றீங்க?”

“தூசிம்மா. ஒண்ணுமே தெரியல.”

“கண்ணாடி சுத்தமாத்தாங்க இருக்கு. அந்தக் கோடிக் கடையோட பலகைகூட எனக்குத் தெரியுது.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? நீயா ஓட்டுறே?” என்று எரிந்து விழுந்தார்.

“ஐயோ, சைக்கிள்! நிறுத்துங்க!”

ஒரு முழத் தூரத்தில் வண்டி நின்றது. சைக்கிள்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். வெறும் கண்ணாடியில் வைப்பர் பாட்டுக்குக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அம்மாளுக்கு எதைத் திருகினால் நிற்கும் என்று தெரியாது. வெகுநேரம் கழித்து அவரே நிறுத்தினார். வீடு போய்ச் சேரும்வரை வண்டி ஊர்ந்தது.

மறுநாள் உச்சிவேளையில் வழக்கம்போல வைப்பர்களைத் தூக்கி நிறுத்தி, துடைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. பெண் டிரைவரும் அன்று சீண்டவில்லை. அவராகவே அவளிடம் போனார்.

“தங்கச்சி, கண்ணாஸ்பத்திரி எந்தப் பக்கம்?”

ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. அவளுக்கு விளங்கிவிட்டது.

“வாங்கண்ணே, என் வண்டில ஏறுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“வேணாம். இதுலயே போலாம். இதை இங்க வெயில்ல விட்டுட்டுப் போனா ரப்பர் என்னத்துக்கு ஆகும்?”

சொல்லிக்கொண்டே திரும்பி, நிமிர்ந்து நின்ற வைப்பர்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் சத்தமில்லாமல் படுக்க வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். வெயில் கண்ணில் அடிக்க, அவள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நீட்டினார். அவள் அந்தக் கைக்கு நேராக நகர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள்.