வலது தோளுக்கு இருபத்துநாலு கிராம்

விக்டோரியா மாநிலத்து நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலை விட்டுக் கார் இறங்கியபோது காலை ஆறு மணி. யூலை, இங்கே குளிர்காலம். கண்ணாடியில் உறைந்திருந்த பனியைப் பழைய நூலக அட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, கிழக்கே கிப்ஸ்லாந்து நோக்கி ஓட்டத் தொடங்கினேன். போக வேண்டிய தூரம் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர்.

பின்னால் ஒரு பூட்டிய பெட்டியில் துவக்கு. இன்னொரு பூட்டிய பெட்டியில் தோட்டாக்கள். இரண்டும் பக்கத்தில் இருந்த என் மனைவி வசந்தியுடையவை. என்னிடம் துவக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. ஆகவே சட்டப்படி அந்தச் சாவிகள் என் கைக்கு எட்டக்கூடாது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இருக்கும் இடம் எனக்குத் தெரியாத சாவிகள் இவை மட்டும்தான்.

வசந்தி ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்பவர்கள் ஒருநாள் வானத்தில் எறியும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தவள் பாடம் படித்து, சோதனை எழுதி, துவக்குக்கு ஒன்றும் வேட்டைக்கு ஒன்றுமாக இரண்டு அனுமதிப் பத்திரங்கள் எடுத்துவிட்டாள். யுத்தத்தில் துவக்குச் சத்தம் கேட்டு ஊரை விட்டு ஓடிவந்த எங்கள் சனத்துக்கு இது விளங்கவில்லை. எனக்கும்தான் விளங்கவில்லை. கேட்டபோது சொன்னாள்.

"அங்க துவக்கு மற்றவையின்ர கையில இருந்தது. இஞ்ச என்ர கையில. எப்ப சுடக்கூடாது எண்டதையும் நான்தான் முடிவெடுக்கிறன்."

அன்றிலிருந்து குளிர்காலத்தில் ஒருமுறை ஃபெசன்ட் வேட்டைக்குப் போவது வழக்கமானது. ஃபெசன்ட் நம் காட்டுக்கோழிக்குத் தூரத்து உறவு. சேவலுக்குச் செம்பு நிற மார்பு, கழுத்தில் வெள்ளை வளையம், முழ நீள வால். விக்டோரியா மாநிலத்தில் கண்ட இடத்தில் அதைச் சுட முடியாது. அதற்கென அனுமதி பெற்ற பண்ணைகளில் மட்டுமே சுடலாம்.

கடந்த இரண்டு குளிர்காலமும் நாங்கள் போகவில்லை. வசந்தியின் வலது மார்பில் கட்டி. அறுவை, பிறகு கதிர்ச் சிகிச்சை. துவக்கின் அடிக்கட்டை வந்து அழுந்துவதும் அதே பக்கத்துத் தோளில்தான். சாரதி இருக்கையின் பட்டியும் அதே தோளின் மேலாகத்தான் இறங்கும். அதனால் அவள் கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். இப்போது உடற்பயிற்சி சிகிச்சைக்காரி மெல்ல மெல்லத் தொடங்கலாம் என்று தலையாட்டியிருந்தாள். அந்தத் தோள் தாங்குமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

போன சனிக்கிழமை தோட்டா வாங்கப் போனோம். வாங்கும் உரிமையும் அவளுக்குத்தான்; நான் கடையில் அலங்காரத்துக்கு நின்றேன். பண்ணையில் ஈயக் குண்டுக்கு இடமில்லை, உருக்குக் குண்டு மட்டுமே. உருக்கு பாரம் குறைந்தது என்பதால் ஈயத்தை விடப் பருமனான குண்டு எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். அவளுடைய துவக்கு வழக்கமான பன்னிரண்டாம் நம்பரை விட ஒடுங்கிய குழலுள்ள இருபதாம் நம்பர். உருக்குக்கு ஏற்ற குழல்தானா என்று அதிலுள்ள முத்திரையை வாசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்றில் ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் இருபத்தெட்டு கிராம் சிறுகுண்டுகள். மற்றதில் இருபத்துநாலு.

"இருபத்துநாலை எடும். உதை குறைவு," என்றேன் நான்.

கடைக்காரர் வசந்தியைப் பார்த்துச் சொன்னார்: "அதை எடுத்தால் தூரத்துப் பறவையை விட்டுவிட வேண்டும். காயத்தோடு பறந்துபோய்ப் புதருக்குள் கிடந்து சாகிற பறவையை விடப் பாவம் வேறில்லை."

"விட்டுடுவன்," என்றாள். இருபத்துநாலு கிராம் பெட்டிக்கு இருபத்தெட்டு டொலர் கொடுத்தாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. அவளுடைய வேட்டை ஜாக்கெட்டின் வலது தோளுக்குள் தலையணைப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி வைத்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் தைத்துவிட்டேன். தையல் கொஞ்சம் கோணல்.

வாரகல் ஊரில் தேநீரும் ஆளுக்கொரு இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும். ட்ரரல்கன் தாண்டும்போது மின்நிலையத்துப் புகைபோக்கிகள் மூடுபனிக்கு மேலே தலைகாட்டின.  வசந்தி வழியெல்லாம் வலது கையை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். நான் பாட்டைப் போடவில்லை.

எட்டரைக்குப் பண்ணை. சொந்தக்காரி ஜூடிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். வசந்தியை இறுக்கிக் கட்டிப்பிடிக்க வந்தவள் பாதியில் நினைவு வந்து, இடது பக்கமாக மெதுவாக அணைத்தாள். பிறகு நட்பை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு பத்திரங்களையும் வாங்கி வாசித்தாள். பண்ணை விதிகள்: எல்லோருக்கும் செம்மஞ்சள் தொப்பி. வேலி கடக்கும்போது துவக்கு திறந்து வெறுமையாக இருக்க வேண்டும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுடலாம், ஏனென்றால் கீழே நாய் ஓடும். நாயின் பெயர் டஃபி. நான் பின்னால் நடக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு. கடைசி விதி எனக்கென்றே போட்டது.

வசந்தி ஜாக்கெட்டை மாட்டினாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். 

இடுப்பளவு புல்லில் ஈரம். டஃபி ஓரிடத்தில் விறைத்து நின்றது. படபடவென்ற இறக்கைச் சத்தத்தோடு ஒரு சேவல் எழும்பியது. வசந்தி துவக்கை உயர்த்தினாள். அடிக்கட்டை பஞ்சு மேட்டில் தட்டி நின்றது. அதை விலக்கித் தோளில் பொருத்துவதற்குள் பறவை தூரம் போய்விட்டது. அவள் துவக்கைத் தாழ்த்தினாள்.

"விட்டது சரி," என்றாள் ஜூடி.

வசந்தி தோட்டாக்களை எடுத்துவிட்டு, திறந்த துவக்கை ஜூடியிடம் கொடுத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி, என் கோணல் தையலை விரலாலேயே இழுத்துப் பிரித்தாள். பஞ்சுத் துண்டை என் கையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இது உங்கட பயத்துக்குத் தைச்சது. என்ர தோளுக்கில்லை."

"நொந்தா?"

"நோகட்டும். நோகுதோ எண்டு பார்க்கத்தானே வந்தனான்."

 பஞ்சைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அடுத்த சேவல் வேலியோரத்தில், மிகக் கிட்டவாக எழும்பியது. துவக்கு அவள் தோளில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பறவைக்குப் பின்னால் வெளிறிய வானம். ஒரே வெடி. பறவை மடிந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுளித்தது.

பேசக்கூடாது என்ற விதியை மறுபடியும் மீறினேன். "நோகுதோ உமக்கு?"

"ஓம்," என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். "இது துவக்கு உதைச்ச நோ. இது எனக்குத் தெரிஞ்ச நோ."

டஃபி சேவலைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தது. சூடு ஆறாத அந்தச் செம்பு மார்பை அவள் கையால் நீவிவிட்டாள். எனக்கும் அந்தப் பறவைமீது இரக்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க, எந்தச் சட்டியில் சமைப்பது என்று கேட்டுவைத்தேன். பிறகு இன்னொன்று விழுந்தது. இரண்டைத் தூரம் என்று விட்டுவிட்டாள். போதும் என்று அவளே சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜூடியிடம் விடைபெற்றோம். வசந்தி துவக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மிஞ்சிய தோட்டாக்களை மற்றதில் வைத்துப் பூட்டினாள். தோளை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டினாள்.

"கார்ச் சாவியைத் தாங்கோ."

கொடுத்தேன். வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, பட்டியை அந்தத் தோளின் மேலாக இழுத்துக் கொளுவினாள்.  பிறகு இருக்கையை முன்னுக்கு நகர்த்திக் கண்ணாடிகளைத் திருத்தினாள்.

பண்ணைக்கு வந்த அதே வழிதான். இடது பக்கத்திலிருந்து பார்க்க, பசும்புல் மேடுகள் வேறு ஊர் போலத் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால், அங்கே இல்லாத பிறேக்கை மிதித்தது.

"காலைச் சும்மா வைச்சிருங்கோ," என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாரகல் தாண்டியதும் பைக்குள்ளிருந்த பஞ்சுத் துண்டை எடுத்து, என் தலைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். கண்விழித்தபோது கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது.