உமிக்கு அடியில் ஒரு பிடி தீனி

செல்லபாய்க்கு எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் வேலை. எலிகளுக்குத் தீனி வைப்பாள், கூண்டு கழுவுவாள். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். புருஷன் லிங்கம் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். நான் நிலையத்தின் ஸ்டோர் கீப்பர். எங்களிடம் வெடுக்கென்று பேசுகிறவள் எலிகளிடம் மட்டும் கொஞ்சுவாளே என்று எனக்கு ஓர் எரிச்சல் உண்டு.

லிங்கத்துக்கு ரத்தக்கொதிப்பு. கல்லாறு என்ற மலையூரில் ஒரு கடைக்காரர் கொடுத்த மலைவேரைக் கஷாயம் வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவந்தார். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செல்லபாய்க்கும் உள்ளூரப் பயம்தான். அதே வேரின் சாறு இதயத்தைக் கெடுக்குமா என்று எங்கள் நிலையத்தில் எலிகளை வைத்துச் சோதிக்கப் போகிறார்கள் எனத் தெரிந்ததும், வீட்டில் கஷாயத்தை நிறுத்திவிட்டாள்.

"ரிசல்ட் வரட்டு. அதுவரை தொடப்பிடாது" என்றாள். அவரும் தொடவில்லை.

சோதனையை நடத்தியவள் ஆர்ஷா என்ற இளம் விஞ்ஞானி. முந்தின மாலையே தீனியை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் மட்டும்தான். காலையில் வெறும் வயிற்றில் மருந்து, பிறகு ஈசிஜி. தீனியை எடுப்பது செல்லபாயின் பொறுப்பு. எடுத்தாள். எடுத்துவிட்டு, ஒவ்வொரு கூண்டிலும் பரப்பியிருந்த உமிக்கு அடியில் ஒரு பிடி ஒளித்தும் வைத்தாள். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"பாவங்களுக்க வயிறு காயுமே சாரே. ஆருகிட்டயும் சொல்லாதியும்."

ஒரு பிடி தீனியில் என்ன குடிமுழுகிவிடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எலிகள் எல்லாம் சுகமாக இருந்தன. "ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி, எல்லா ஹார்ட்டும் நல்லா இருக்கு" என்றாள் ஆர்ஷா. அன்று சாயங்காலமே செல்லபாய் தன் கையால் வேரை இடித்தாள். நிலையத்தில் செய்வதைப் போலவே விடிந்ததும் வெறும் வயிற்றில், முழு டம்ளர். பன்னிரண்டாம் நாள் லிங்கம் டீ பாய்லர் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார், ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்றார் டாக்டர். ஏன் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த செல்லபாய் நேரே ஆர்ஷாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. ஆர்ஷா பழைய ஈசிஜி தாள்களை எடுத்து ஒதுக்கி வைத்தாள். பிறகு, "வயித்துல தீனி இருந்தா மருந்து ரத்தத்துல முழுசா சேராது. மறுபடியும் முதல்ல இருந்து செய்யலாம் சேச்சி" என்றாள்.

நான் செல்லபாயைத் தேற்றப் பார்த்தேன். "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனசைப் போட்டு அலட்டிக்காதே."

"அத எலிக சொல்லட்டு சாரே."

எலிகள் பிழைத்துவிட்டால் அவள்மேல் பழியில்லை. அவை பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள். நானும் வேண்டிக்கொண்டேன், எனக்கும் அதில் பங்கு இருந்ததே. இந்த முறை அவள் தீனியை எடுத்தபிறகு உமியைக் கையால் துழாவி, ஒரு துணுக்குகூட இல்லை என்று பார்த்தாள். எலிகள் கம்பியில் ஏறி அவள் விரலை மோந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள், அதிக அளவு மருந்து கொடுத்த ஆறு எலிகளில் நான்குக்கு இதயத் துடிப்பு தடுமாறியது. மத்தியானத்துக்குள் இரண்டு செத்துப்போயின. செத்தவற்றை எடுப்பதும் செல்லபாயின் வேலைதான். காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு என் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"தெனமும் கேப்பாரு சாரே, ஒரு தோச தின்னுட்டுக் குடிக்கட்டான்னு" என்றாள். "எலிக்கு ஒளிச்சு வச்சேன். அவருக்குக் குடுக்கல்ல."